சைலோவில் முதலில் காய்ந்த இடம்

அனுப்புநர்:
தார்க்கலவை ஆலையின் பின்வரிசையில் ஐந்தாவது வீட்டில் வசிப்பவள்,
சென்ற மாதம் இறந்துபோன கேட் ஆளின் தங்கை, வயது பதினேழு.

பெறுநர்:
தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்,
ஆய்வாளர் அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: இரண்டாம் எண் சைலோவை வரும் திங்கட்கிழமை மறுபடி நிரப்புவதை நிறுத்திவைக்கக் கோருவதும், என் கையெழுத்தில் தங்களிடம் உள்ள குடும்ப வாக்குமூலத்தை நான் திரும்பப் பெறுவதும் தொடர்பாக.

பார்வை: சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதியிட்ட வாக்குமூலம். (எழுதியவள் நான். சொல்லச் சொல்ல எழுதினேன்.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. மழை விட்டதும் இரண்டாம் எண் சைலோவின் வெளித்தகட்டில் ஓர் இடம் மட்டும் முதலில் காய்ந்துவிடும். நான் முதலில் கவனித்தது அதைத்தான். உள்ளங்கை அளவுதான் இருக்கும். சுற்றிலும் நீர் வழிந்துகொண்டிருக்க, அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். சாரல் பட்டால் மெல்லிசாக ஆவி எழும்பும். இது நான்கு மாதத்துக்கு முன்பு, மழை தொடங்கிய வாரத்தில் நடந்தது. அதை நான் ஒருவரிடம் மட்டும் சொன்னேன். அதையும் தவறான காரணத்துக்காகச் சொன்னேன்.

2. நான் யார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே காலமாகிவிட்டார். ஆலை அலுவலகத்தையும் கட்டுப்பாட்டு அறையையும் கூட்டித் துடைக்கும் வேலை என் அம்மா பெயரில் இருக்கிறது. அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு, பதினைந்து வயதிலிருந்து அந்த வேலையை நான்தான் செய்துவருகிறேன். பதிவேட்டில் அம்மா பெயர், விளக்குமாறு என் கையில். இதை எழுதுவதால் அம்மாவுக்கும் ஆலைக்கும் சிக்கல் வரும் என்று அறிவேன். ஆனால் இதை மறைத்தால், அன்று காலை நான் எப்படிக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன் என்று தாங்கள் கேட்கும்போது என்னிடம் பதில் இருக்காது.

எனக்குப் பேச்சு வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊமை இல்லை. வெளியாட்கள் முன்னால் வாயைத் திறந்தால் பாதிச் சொல்லிலேயே நின்றுவிடுவேன். பள்ளியை விட்டதற்குப் பாதிக் காரணம் அதுதான். அண்ணன் என்னை ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிடுவார். எழுத்தில் எனக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

3. சைலோ பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இம்மனு வேறு யார் கைக்காவது போனால் புரிய வேண்டும் என்பதற்காகச் சுருக்கமாக எழுதுகிறேன். ஜல்லியும் தாரும் சேர்ந்த சூடான கலவையை மாலையில் தயார் செய்து, மறுநாள் அதிகாலையில் சாலை போடும் இடத்துக்கு அனுப்புவார்கள். அதுவரை சூடு குறையாமல் அதை வைத்திருக்கும் உயரமான இரும்பு உருளைதான் சைலோ. நான்கு கால்களில் நிற்கும். அடிப்பக்கம் புனல் போலக் குறுகும். அதன் வாயில் கேட் இருக்கும். அதன் கீழே டிப்பர் லாரி வந்து நிற்கும். புனலைச் சுற்றி ஓர் இரும்பு மேடை. கேட் ஆள் அந்த மேடையில் நின்று கேட்டைத் திறந்து மூடுவார். உருளையையும் புனலையும் சுற்றி ஒரு சாண் கனத்துக்குச் சூடு தாங்கும் பஞ்சு வைத்து, மேலே தகடு போர்த்தியிருக்கும். உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைப்பது அந்தப் பஞ்சுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு இந்தச் சைலோ புதிதாக வந்தபோது, கட்டுப்பாட்டு அறையின் ஆப்பரேட்டர் எங்கள் எல்லோரையும் மேடைக்குக் கூட்டிப்போய்த் தகட்டில் கை வைக்கச் சொன்னார். உள்ளே கலவை நிரம்பியிருந்தது. "உள்ள கொதிக்குது, வெளிய தொட்டா சில்லுன்னு இருக்கு பாத்தீங்களா? அதான் நல்ல சைலோ" என்றார். நானும் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது.

4. இனி எழுதுவது என் தவறு. எங்கள் பின்வரிசையில் ஒன்பது வீடுகள். ஒவ்வொன்றும் ஒரே அறை. மழைக்காலத்தில் சுவர் முழுக்க ஓதம் ஏறிவிடும். துணி மூன்று நாளானாலும் காயாது. ஆலைச் சட்டையை ஈரத்தோடு மாட்டிக்கொண்டு போய் அண்ணனுக்கு மார்ச்சளி பிடித்துக்கொண்டது. அப்போதுதான் அவரிடம் சொன்னேன், சைலோவின் தெற்குப் பக்கத்தில் ஓர் இடம் வெதுவெதுப்பாக இருக்கிறது, சட்டையை அங்கே போட்டால் காய்ந்துவிடும் என்று. அண்ணன் தொட்டுப் பார்த்துவிட்டு, "அடி ஊமைக்கோட்டான், இத்தனை நாளா எங்கடி ஒளிச்சு வச்சிருந்த இத?" என்று சிரித்தார்.

ஒரு வாரத்தில் ஒன்பது வீட்டுத் துணியும் அங்கே வந்துவிட்டது. கொடி கட்ட இடமில்லை. தகட்டில் இரண்டு திருகாணி அடித்துத் தரும்படி கேட்டவளும் நான்தான். அண்ணன் துளை போட்டு, ஆணி முடுக்கி, கயிறு கட்டிக்கொடுத்தார். லாரி ஓட்டுநர்கள் கீழிருந்து, "என்னப்பா நெட்டை, இது தார் பிளான்டா இஸ்திரிக் கடையா?" என்று கேட்பார்கள். ஆலையில் அண்ணனுக்குப் பெயர் நெட்டை. ஆறடிக்கு மேல் உயரம். "சட்டைக்கு ஒரு டீ, பேண்டுக்கு ரெண்டு டீ. கடன் கெடையாது" என்பார் அண்ணன். போகப்போகச் சாப்பாட்டு டப்பாக்களும் அங்கே வரிசையாக ஒட்டி நிற்கத் தொடங்கின. சூப்பர்வைசரின் டப்பாவும் அதில் இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. எல்லோருக்கும் மதியச் சாப்பாடு சூடாகக் கிடைத்தது.

தகட்டில் துளை போட்டால் மழைநீர் உள்ளே இறங்கும், நனைந்த பஞ்சு கனத்து அடியில் சரிந்துவிடும், சரிந்த இடத்தில் வெறும் தகடுதான் மிச்சம் இருக்கும் என்பது எனக்கும் அண்ணனுக்கும் தெரியாது. அண்ணன் இறந்த பிறகு ஆப்பரேட்டர் அதை என்னிடம் விளக்கினார். இந்த இரண்டு துளைகளைக் காட்டி, பழியை மறுபடி அண்ணன் மேலேயே போடலாம் என்று அறிவேன். போட்டாலும் உள்ளதை எழுதுவதாக முடிவு செய்துவிட்டேன்.

5. அந்த இடம் வளர்ந்தது. முதலில் உள்ளங்கை. பிறகு ஒரு துண்டு அகலம். மூன்றாம் மாதம் ஒரு போர்வையை விரித்துப் போட்டால் ஓரம் வரைக்கும் காய்ந்தது. ஒருநாள் நான் டீ வாங்கிவந்து ஆப்பரேட்டர் மேசையில் வைத்துவிட்டு மேடைக்குப் போவதற்குள் போர்வை காய்ந்து விறைப்பாக நின்றது. அன்றைக்கு எனக்குச் சில்லென்ற அந்தத் தகடு ஞாபகம் வந்தது. உள்ளே இருக்க வேண்டிய சூடுதான் எங்கள் துணியில் ஏறுகிறது என்று புரிந்தது.

ஆப்பரேட்டரிடம் கேட்க நினைத்து அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் திரும்பி, "என்னம்மா?" என்றார். அவருக்கு முன்னால் உள்ள பெட்டியில் சைலோவின் சூடு நூற்று நாற்பத்தெட்டு என்று எண்ணில் தெரிந்தது. அது சரியான சூடுதான். எண்ணே நன்றாக இருக்கும்போது நான் என்ன சொல்வது என்று, "ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டுக் கூட்டப் போய்விட்டேன். அந்த எண் பொய் இல்லை, ஐயா. சூட்டை அளக்கும் கருவி வடக்குப் பக்கத்தில் இருக்கிறது. பஞ்சு சரிந்தது தெற்குப் பக்கத்தில்.

6. சென்ற மாதம் ஆறாம் தேதி மாலை சைலோவில் நாற்பது டன் நிரப்பினார்கள். அன்று பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. சாலை வேலை நின்றுவிட்டது. இரண்டாம் நாளே ஆப்பரேட்டர், கலவையை வெளியே எடுத்துவிடலாம், இத்தனை நாள் வைப்பது சரியில்லை என்றார். சூப்பர்வைசர் மேலிடத்தோடு போனில் பேசிவிட்டு வந்து, "நாப்பது டன்ன குப்பையில கொட்டச் சொல்றீங்களா? அதான் சூடு காட்டுதுல்ல, இருக்கட்டும்" என்றார். இது நான் அறையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது நடந்தது. அந்த மூன்று நாளும் கொடியில் துணி நிறைந்திருந்தது. அதில் எங்கள் வீட்டுத் துணி இரண்டு சேலை, ஒரு பாவாடை, அண்ணனின் இரண்டு சட்டை.

7. பத்தாம் தேதி காலை ஆறரை மணிக்கு வானம் வெளுத்தது. மூன்று டிப்பர்கள் வரிசையில் நின்றன. முதல் லாரி கீழே வந்து நின்றதும் அண்ணன் கேட்டைத் திறந்தார். ஒன்றும் விழவில்லை. மூடித் திறந்தார். இரண்டு கைப்பிடி ஜல்லி மட்டும் விழுந்தது. தெற்குப் பக்கச் சுவரோரம் கலவை ஆறி இறுகி, புனலின் வாயை அடைத்துக்கொண்டுவிட்டது.

அடைத்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று கட்டுப்பாட்டு அறையில் ஒரு பலகை மாட்டியிருக்கிறது. லாரியை அப்புறப்படுத்த வேண்டும். கேட்டை மூட வேண்டும். புனலின் ஹீட்டரைக் கூட்டி வைத்து நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். யாரும் வாய்க்குக் கீழே போகக் கூடாது. அந்தப் பலகையைத் தினமும் துடைப்பவள் நான். ஒரு வரி விடாமல் எனக்கு மனப்பாடம்.

ஆனால் ஆலையில் வழக்கம் வேறு. அடைத்துக்கொண்டால் அண்ணன் காலி லாரியின் தொட்டிக்குள் ஏறி நின்று, நீளக் கம்பியால் கீழிருந்து மேலே குத்தி உடைப்பார். அதற்கு முன்பு ஐந்தாறு முறை அப்படிச் செய்திருக்கிறார். உயரமாக இருந்ததால் அந்த வேலை அவருக்கே வரும். "நெட்டை இருக்கும்போது ஏணி எதுக்கு?" என்பது ஓட்டுநர்களின் கேலி. முன்பெல்லாம் சிறு அடைப்புதான். குத்தினால் உடனே உடையும். அவர் ஒதுங்கிக்கொள்வார்.

அன்று சூப்பர்வைசர் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து மைக்கை எடுத்தார். நான் மூன்றடி தள்ளி நின்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "டேய் நெட்டை, வண்டி மேல ஏறி நாலு குத்து குத்துடா. ரோட்டுல ஆளுங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்க." அது ஒலிபெருக்கியில் போனது. ஆலை முழுக்கக் கேட்டிருக்கும். அண்ணன் மேடையிலிருந்து அறையின் கண்ணாடியைப் பார்த்துக் கையைத் தூக்கினார். சரி என்பதற்கு அப்படித்தான் தூக்குவார். இறங்கினார், லாரியில் ஏறினார், குத்தினார். நாலு குத்து இல்லை. நான் எண்ணினேன். பதினொன்று.

சத்தம் பெரிதாக இல்லை. மண் சரிவது போல இருந்தது. முதலில் இறுகிய கட்டி விழுந்து அவரைச் சாய்த்தது. பின்னாலேயே நடுவில் இருந்த சூடான கலவை வந்தது. சூப்பர்வைசர் மைக்கைப் போட்டுவிட்டு ஓடினார். ஓட்டுநரும் அவரும் லாரியில் ஏறி வெறுங்கையால் கலவையை அள்ளி அள்ளி அண்ணனை வெளியே இழுத்தார்கள். ஆப்பரேட்டர் ஓடிப்போய் கேட்டை மூடினார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பெட்டியைப் பார்த்தேன். நூற்று நாற்பத்தெட்டு என்றே இருந்தது.

அண்ணன் பதினோராம் தேதி மதியம் மருத்துவமனையில் இறந்தார். வயது இருபத்தாறு. இடையில் ஒரு தரம் விழித்துத் தண்ணீர் கேட்டார். கொடுக்கக் கூடாது என்று செவிலியர் சொல்லியிருந்தார். கொடுக்கவில்லை.

8. வாக்குமூலம் பற்றி. பன்னிரண்டாம் தேதி அடக்கம் முடிந்து வந்து உட்கார்ந்திருந்தபோது சூப்பர்வைசர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கட்டு. அம்மாவைப் பார்த்ததும் அழுதார். அவர் நடிக்கவில்லை என்றே நினைக்கிறேன். பிறகு, விசாரணைக்குக் குடும்பத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும், அதைக் கொடுத்துவிட்டால் அண்ணனின் வேலையை என் தாய்மாமனுக்கே போட்டுக்கொடுக்க மேலிடம் ஒப்புக்கொண்டிருக்கிறது, வீட்டையும் காலி செய்ய வேண்டாம் என்றார். அவரால் பேனா பிடிக்க முடியாது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அதனால் நான் எழுதினேன்.

"யாரும் சொல்லாமல், தன் விருப்பப்படி, தடை செய்யப்பட்ட இடத்துக்குச் சென்றார்" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அவர் சொன்னார், நான் எழுதினேன். ஓரம் விட்டு, தேதி போட்டு, தலைப்புக்கு அடிக்கோடு இட்டு எழுதினேன். இரண்டு பக்கத்திலும் ஓர் அடித்தல் கூட இல்லை. தாங்கள் அந்தத் தாளையும் இந்தத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கையெழுத்து என்று தெரியும். இதில் அடித்தல் நிறைய இருக்கும். பொறுத்தருள வேண்டும்.

அம்மா என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று திட்டினார். அவர் சொல்வதில் பிழை இல்லை. அண்ணன் போன பிறகும் எனக்குப் பசி நேரத்துக்கு எடுக்கிறது. படுத்தால் தூக்கம் வருகிறது. மறுநாள் காலை வழக்கம் போலப் போய்க் கட்டுப்பாட்டு அறையைக் கூட்டினேன். யாரும் வரச் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

9. பதினைந்தாம் தேதி வெளியிலிருந்து இரண்டு தகடு வேலைக்காரர்கள் வந்தார்கள். கொடியை அறுத்தார்கள், திருகாணிகளைப் பிடுங்கினார்கள், அந்த இடத்தின் மேல் ஒரு புதுத் தகட்டை வைத்து ஆணி அடித்தார்கள். அரைநாள் வேலை. பழைய தகட்டைக் கழற்றவில்லை. பஞ்சை எடுக்கவில்லை, புதுப் பஞ்சு வைக்கவும் இல்லை. நான் மேடைப் படிக்கட்டைக் கூட்டிக்கொண்டே முழுவதையும் பார்த்தேன். அவர்களில் ஒருவர், "உள்ள என்ன இருக்குன்னு பாக்க வேணாமா?" என்று கேட்டதற்கு மற்றவர், "நமக்குச் சொன்னது மூடறது மட்டும்தான்" என்றார்.

பதினெட்டாம் தேதி தாங்கள் ஆய்வுக்கு வந்தீர்கள். வெள்ளைத் தலைக்கவசம் போட்டிருந்தீர்கள். மேடையில் ஏறிப் புதுத் தகட்டில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நின்றீர்கள். சில்லென்று இருந்திருக்கும். அன்று சைலோ காலி, ஐயா. காலிச் சைலோ எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும். தங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது நான்தான். தாங்கள் குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்றேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் நின்றேன். டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

"வெப்பக்காப்பு உறை நல்ல நிலையில் உள்ளது, விபத்துக்குத் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம்" என்று தங்கள் அறிக்கையின் நகல் அலுவலக மேசையில் இருந்தது. தூசி தட்டும்போது படித்தேன். தங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பார்க்க வேண்டியதைத் தங்களுக்கு யாரும் காட்டவில்லை. காட்டாதவர்களில் நானும் ஒருத்தி.

10. இப்போது எழுதுவதற்கான காரணம் இது. வரும் திங்கட்கிழமை மாலை இரண்டாம் எண் சைலோவை மறுபடி நிரப்புகிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை கேட் திறக்கப்போவது என் தாய்மாமன். வேலை உத்தரவு வந்துவிட்டது. மூன்று நாளாக மேடையில் நின்று பழகிவருகிறார். மாமா கலகலப்பான மனிதர். வந்த மூன்றாம் நாளே ஓட்டுநர்கள் அவரிடம் சிரித்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவருக்கு நீளக் கம்பியையும் காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். மாமா குள்ளம். அண்ணன் தொட்டியின் ஓரத்தில் நின்று எட்டிக் குத்துவார். மாமா குத்த வேண்டுமானால் வாய்க்கு நேர் கீழே போய் நிற்க வேண்டும்.

பஞ்சு சரிந்தது சரிந்தபடியே இருக்கிறது. மழையும் இன்னும் முடியவில்லை.

மாமாவிடம் சாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "வேலை கெடச்சதே பெருசு. நீ வேற ஏண்டி வயித்துல புளியக் கரைக்கிற? புதுத் தகடு போட்டாச்சுல்ல?" என்றார்.

11. ஆகவே தங்களிடம் கேட்பது இவைதான். பன்னிரண்டாம் தேதி வாக்குமூலத்தை நான் திரும்பப் பெறுகிறேன். அதில் யாரும் சொல்லாமல் என்று இருப்பது உண்மை இல்லை. மைக்கில் சொல்லப்பட்டதை மூன்று லாரி ஓட்டுநர்களும் ஆப்பரேட்டரும் கேட்டார்கள். அவர்களை ஆலைக்குள் வைத்து, எல்லோரையும் ஒன்றாக நிறுத்திக் கேட்டால் தரையைப் பார்ப்பார்கள். ஒவ்வொருவராக வெளியே அழைத்துக் கேட்க வேண்டுகிறேன்.

திங்கட்கிழமைக்கு முன்பாகப் புதுத் தகட்டையும் அதன் அடியில் உள்ள பழைய தகட்டையும் கழற்றிப் பார்க்க உத்தரவிட வேண்டும். கழற்ற மறுத்தால் இன்னொரு வழி இருக்கிறது. அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. சைலோவை நிரப்பச் சொல்லுங்கள். கீழே ஒருவரும் போகாமல் லாரிப் பாதையைச் சங்கிலி போட்டு அடையுங்கள். பிறகு ரப்பர் குழாயால் சுற்றிலும் தண்ணீர் பீய்ச்சி, சும்மா நின்று பாருங்கள். எந்த இடம் முதலில் காய்கிறது என்று பாருங்கள். புதுத் தகடு என்பதால் சற்று நேரம் பிடிக்கலாம். ஒரு டீ குடிக்கும் நேரத்துக்கு மேல் ஆகாது.

அண்ணன் ஆணி அடித்தது தவறுதான். அதையும் அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள். அவரை அடிக்கச் சொல்லிக் கேட்டவள் நான் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஆனால் அவர் தன் விருப்பப்படி அந்த லாரியில் ஏறவில்லை. அந்த ஒரு வரி மட்டும் மாற வேண்டும். பலகையில் உள்ளபடி, அடைத்துக்கொண்டால் எந்த உயரத்து ஆளையும் கீழே அனுப்பக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு வேண்டும். இதற்கு மேல் எங்களுக்கு எதுவும் வேண்டாம்.

12. இதுவரை எழுதியது நேற்று மாலையோடு முடிந்தது. முடித்ததும் அம்மாவையும் மாமாவையும் உட்காரவைத்து முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டினேன். அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசி அவர்கள் கேட்டதில்லை. மாமா நடுவில் ஒரே ஒரு தரம், "நான் குள்ளம்னு ஆபீசருக்கு வேற எழுதி வச்சிருக்கா பாரு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. பதினொரு குத்து என்று வந்த இடத்தில் அம்மா எழுந்து போய்க் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

வாசித்து முடித்ததும் அம்மா, "இதக் குடுத்தா உன் மாமாவுக்கு வேலை இருக்காதேடி" என்றார். இருக்காது என்றேன். "வீடு?" என்றார். அதுவும் இருக்காது என்றேன். மாமா தன் புது பூட்ஸைக் கழற்றிக் கதவோரம் வைத்தார். இன்று காலை அவர் அதை மாட்டிக்கொள்வாரா என்று எனக்குத் தெரியாது. அவர்கள் எழுந்திருக்கும் முன்பே நான் கிளம்பிவிட்டேன். தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் சேராது என்பதால் முதல் பேருந்தில் ஏறினேன்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,
இதையும் அதையும் எழுதியவள்,

(கையொப்பம்)

நாள்: வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி
இடம்: தங்கள் அலுவலகத்தின் மாடிப்படி